பரோலோவுக்குப் புதியவரா? மஸ்கரெல்லோ வீட்டு நிலவறையிலிருந்து தொடங்குங்கள்

இத்தாலியின் வடமேற்கில், பியெமோந்தே மாநிலத்தின் லாங்கே குன்றுகளுக்கு நடுவே பரோலோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரில் ஆயிரம் பேர்கூடக் கிடையாது. ஆனால் அந்த ஊரின் பெயரைத் தாங்கிய சிவப்பு ஒயின் இத்தாலியின் மிக உயர்ந்த ஒயின்களில் ஒன்று. 1918 முதல் இன்றுவரை அந்த ஊரிலேயே, ஒரே குடும்பத்தின் கையில் நடந்துவருகிறது பார்தோலோ மஸ்கரெல்லோ என்ற சிறிய ஒயின் கூடம்.

பரோலோவை முதன்முதலாகக் குடிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஏமாறுகிறார்கள். பெயர் கேள்விப்பட்டு விலை உயர்ந்த பாட்டில் ஒன்றை வாங்குவார்கள். அது இன்னும் இளசாக இருக்கும். வந்த அன்றே திறந்து, சாப்பாடில்லாமல் ஒரு வாய் குடிப்பார்கள். நாக்கு வறண்டு இழுத்துக்கொள்ளும். "இதற்கா இவ்வளவு விலை?" என்று வைத்துவிடுவார்கள். குற்றம் ஒயினிலும் இல்லை, குடித்தவரிடமும் இல்லை. வரிசைதான் தப்பு. ஒரு வீட்டை, அதாவது ஒயின் செய்யும் ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த வீட்டின் எளிய பாட்டிலிலிருந்து மேலே ஏறிப் போனால் பரோலோ தானாகப் புரியும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு மஸ்கரெல்லோ வீட்டை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அவர்களுடைய பாட்டிலே கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. அவர்கள் ஒயின் செய்யும் முறை தெரிந்தால் மற்ற வீடுகளின் பாட்டில்களையும் எடைபோட வந்துவிடும்.

முதல் படி: குடும்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒயின் கூடத்தைத் தொடங்கியவர் ஜூலியோ மஸ்கரெல்லோ. அவருடைய அப்பா பார்தோலோமேயோ, ஊர்க் கூட்டுறவு ஒயின் கூடத்தில் வேலை பார்த்தவர். முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் ஜூலியோ சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாக நல்ல திராட்சை நிலங்களில் பங்கு சேர்த்தார். பரோலோவில் கன்னூபி, சான் லொரென்சோ, ரூவே. பக்கத்து ஊரான லா மோர்ராவில் ரோக்கே தெல்லனுன்சியாதா. இந்த நான்கும்தான் நெடுங்காலமாக அந்த வீட்டுப் பரோலோவின் ஆதாரம். எல்லாம் சேர்த்தாலும் குடும்பத்தின் நிலம் சுமார் ஐந்து ஹெக்டேர்தான்.

ஜூலியோவின் மகன் பார்தோலோ. அவர் பெயரில்தான் கூடம் இன்றும் இயங்குகிறது. 2005இல் அவர் இறந்தார். கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியில்தான் இருந்தார். நிலவறையில் இறங்கி வேலை செய்ய முடியாமல் போனபோது, உட்கார்ந்த இடத்தில் பாட்டில் லேபிள்களுக்குக் கையால் படம் வரைய ஆரம்பித்தார். அவற்றில் ஒன்று உலகப் புகழ் பெற்றது: 'நோ பாரிக், நோ பெர்லுஸ்கோனி'. சிறிய பிரெஞ்சுப் பீப்பாய்க்கும் அன்றைய இத்தாலிய அரசியலின் பெரும்புள்ளிக்கும் ஒரே மூச்சில் 'வேண்டாம்' சொன்ன லேபிள் அது. இரண்டாவது 'வேண்டாம்' அரசியல். முதல் 'வேண்டாம்' என்னவென்று மூன்றாம் படியில் பார்ப்போம்; ஒயினைப் பொறுத்தவரை அதுதான் முக்கியம்.

1993 முதல் மகள் மரியா தெரேசா அப்பாவோடு சேர்ந்து வேலை செய்தார். இப்போது கூடத்தை நடத்துபவர் அவர்தான். மூன்று தலைமுறையாக அடிப்படை முறை மாறவில்லை.

இரண்டாம் படி: நெப்பியோலோ என்ற திராட்சை

பரோலோ முழுக்க முழுக்க நெப்பியோலோ திராட்சையில் மட்டுமே செய்ய வேண்டும் என்பது சட்டம். வேறு திராட்சை ஒரு துளிகூடக் கலக்கக் கூடாது. நெப்பியோலோ சீக்கிரம் துளிர்விட்டு, மிகத் தாமதமாகப் பழுக்கும். அறுவடை பெரும்பாலும் அக்டோபரில்தான். அதனால் நல்ல வெயில் படும் தெற்கு, தென்மேற்குச் சரிவுகளைத்தான் அதற்கு ஒதுக்குவார்கள். மற்றச் சரிவுகளில் வேறு திராட்சைகள்.

புதியவர்களை இந்தத் திராட்சை இரண்டு விதத்தில் திகைக்க வைக்கும்.

ஒன்று, நிறம். கிளாஸில் ஊற்றினால் வெளிறிய சிவப்பாக இருக்கும். விரலை வைத்துப் பார்த்தால் மறுபக்கம் தெரியும். வயதாக ஆக ஓரத்தில் செங்கல் நிறம் ஏறும். நிறம் குறைவாக இருப்பதைப் பார்த்து 'தண்ணியான ஒயின்' என்று நினைத்துவிடாதீர்கள். பரோலோவில் சாராயச் சத்து குறைந்தது 13 சதவீதம் இருக்க வேண்டும். இப்போதெல்லாம் 14, சில ஆண்டுகளில் 14.5 வரைகூடப் போகிறது.

இரண்டு, துவர்ப்பு. மாதுளையின் உள்தோலைத் தெரியாமல் கடித்துவிட்டால் வாய் எப்படி இழுத்துக்கொள்ளும்? இளம் பரோலோ அப்படித்தான் பிடிக்கும். துவர்ப்புக்குக் காரணம் திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின். புளிப்பும் கூடவே அதிகம். இந்த இரண்டும்தான் இந்த ஒயினைப் பல பத்தாண்டுகள் தாங்க வைக்கின்றன. இளமையில் முரட்டுத்தனமாகத் தெரிவதே பின்னாளில் அதன் முதுகெலும்பு.

மணத்தில் தேட வேண்டியவை: காய்ந்த ரோஜா, புளிப்புச் செர்ரி, சாலை போடும்போது வரும் தார் வாசனை. வயதான பாட்டிலில் ஈர மண், காய்ந்த மூலிகை, தோல், சில நேரம் அந்த ஊரில் மண்ணுக்கடியில் விளையும் வெள்ளை டிரஃபிள் காளானின் வாசனை. ரோஜாவும் தாரும் ஒரே கிளாஸில் சேர்ந்து வரும்போது அது நெப்பியோலோவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

மூன்றாம் படி: 'மரபு முறை' என்றால் உண்மையில் என்ன?

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். கடைக்காரர் 'டிரெடிஷனல்' என்று சொல்லும்போது எதைக் கேட்க வேண்டும் என்பது இதில்தான் இருக்கிறது.

முதலில் நொதித்தல். மஸ்கரெல்லோ வீட்டில் திராட்சையைக் காம்பு நீக்கி சிமென்ட் தொட்டியில் போடுகிறார்கள். கடையில் வாங்கிய ஈஸ்ட் சேர்ப்பதில்லை. தோலின் மேலும் நிலவறையின் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட்டே வேலையைத் தொடங்குகிறது. சாறும் தோலும் பல வாரங்கள் சேர்ந்தே கிடக்கும். ஒரு மாதத்துக்கு மேல் போவதும் சகஜம். நெப்பியோலோவின் தோலில் நிறம் குறைவு, துவர்ப்பு அதிகம் என்று பார்த்தோம். நீண்ட ஊறலில் டானின்கள் ஒன்றோடொன்று இணைந்து, பெரிதாகி, வாயில் கொஞ்சம் மென்மையாகப் படிகின்றன.

அடுத்தது மரம். ஒயின் இங்கிருந்து ஸ்லவோனிய ஓக் மரத்தில் செய்த பெரிய பீப்பாய்களுக்குப் போகிறது. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும். பல ஆண்டுகள் புழங்கியவை. பீப்பாய் பெரிதாக இருந்தால், ஒரு லிட்டர் ஒயினுக்குப் படும் மரப்பரப்பு குறைவு. அதனால் மரத்தின் வெனிலா வாசனையோ வறுத்த வாசனையோ ஒயினில் ஏறாது. மரத்தின் நுண்துளை வழியே மிக மெதுவாகக் காற்று போய்வரும். அவ்வளவுதான் அந்தப் பீப்பாயின் வேலை.

பாரிக் என்பது இதற்கு நேரெதிர். 225 லிட்டர் கொள்ளும் சின்னப் பிரெஞ்சுப் பீப்பாய், பெரும்பாலும் புத்தம்புதியது. 1980களில் லாங்கேயின் இளைய தலைமுறை அதை ஏந்திக்கொண்டது. ஊறல் காலத்தை வாரங்களிலிருந்து நாட்களாகக் குறைத்தார்கள். ஒயின் சீக்கிரம் குடிக்கத் தயாரானது. நிறம் கூடியது. அமெரிக்கச் சந்தை கொண்டாடியது. லா மோர்ராவில் எலியோ அல்தாரே 1983இல் அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை இயந்திர ரம்பத்தால் அறுத்தெறிந்தார்; அப்பா அவரைச் சொத்திலிருந்தே விலக்கினார். அந்த அளவுக்கு வீடுகளுக்குள் பிளவு வந்தது. அந்தப் பிளவின் தொடர்ச்சியாகத்தான் பின்னாளில் பார்தோலோ 'வேண்டாம்' என்று லேபிளில் வரைந்தார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: நவீன அணியால் நன்மையும் வந்தது. பழைய நிலவறைகள் பலவற்றில் சுத்தம் போதாது. பழுதான மரம், கெட்ட வாசனை எல்லாம் இருந்தன. அல்தாரே போன்றவர்கள் அதைக் கேள்வி கேட்டார்கள், கொடியில் விளைச்சலைக் குறைத்துத் தரத்தை உயர்த்தினார்கள். இன்று பலர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்கள். பெரிய பீப்பாய் மறுபடியும் பரவலாகிவிட்டது. இருந்தாலும் என் மனம் பார்தோலோ பக்கம்தான். நிலத்தின் சுவையை மரத்தின் சுவை மூடக் கூடாது என்பதில் அவர் காட்டிய பிடிவாதம் காலத்தைத் தாண்டி நின்றிருக்கிறது.

மூன்றாவது விஷயம், கலவை. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மஸ்கரெல்லோ வீட்டில் நான்கு நிலங்களின் நெப்பியோலோவும் சேர்ந்து ஒரே ஒரு பரோலோ ஆகிறது. பழைய நாளில் லாங்கே முழுவதும் இதுதான் வழக்கம். 1961 அறுவடையில் ப்ரூனோட்டோ, வியேத்தி ஆகிய வீடுகள் ஒரே நிலத்தின் பெயரைப் போட்டுப் பரோலோ வெளியிட்டன. அப்புறம் அதுவே நாகரிகமாகிவிட்டது. இன்று ஒரே வீடு நான்கைந்து நிலப்பெயர்களில் தனித்தனியாகப் பரோலோ விற்பது சாதாரணம். அவற்றில் அருமையான ஒயின்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கலவையில் ஒரு விவசாயியின் அறிவு இருக்கிறது. ஒரு சரிவில் ஆலங்கட்டி மழை அடித்தால் மற்றது தப்பிக்கும். சுட்டெரிக்கும் ஆண்டில் குளிர்ந்த நிலம் புளிப்பைத் தரும்; குளிர்ந்த ஆண்டில் வெயில் நிலம் முதிர்ச்சியைத் தரும். ஒவ்வோர் ஆண்டும் அந்த வீடு தன் முழு நிலத்தையும் ஒரே பாட்டிலில் வைத்துக் கொடுக்கிறது. 'இரண்டாம் தரப் பரோலோ' என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

நான்காம் படி: கீழிருந்து மேலே குடியுங்கள்

லாங்கே குடும்பங்கள் பரோலோவைத் தினமும் குடிப்பதில்லை. மேசைக்கு வேறு ஒயின்கள் உண்டு. மஸ்கரெல்லோ வீடும் டொல்செத்தோ, பர்பேரா, ஃப்ரெய்சா, லாங்கே நெப்பியோலோ எல்லாம் செய்கிறது. நீங்களும் அதே வரிசையில் போங்கள்.

டொல்செத்தோ: முதலில் பழுக்கும் திராட்சை. கருஞ்சிவப்பு, புளிப்பு குறைவு, குடிக்க எளிது. கடைசியில் பாதாம் பருப்பின் லேசான கசப்பு தட்டும். ஓரிரு ஆண்டுகளுக்குள் குடித்துவிடலாம்.

பர்பேரா: டொல்செத்தோவுக்கு நேர்மாறு. புளிப்பு ஓங்கியிருக்கும், துவர்ப்பு மிகக் குறைவு. தக்காளி சேர்ந்த எந்தச் சாப்பாட்டுக்கும் இது பொருந்தும். புதியவர்களுக்கு இந்த ஊர் ஒயின்களில் முதலில் பிடித்துப்போவது பெரும்பாலும் இதுதான்.

ஃப்ரெய்சா: நெப்பியோலோவுக்கு மரபணு வழியில் நெருங்கிய சொந்தம். ஸ்ட்ராபெரி மணமும் கொஞ்சம் முரட்டுத் துவர்ப்பும். சில வீடுகளில் லேசாக நுரைக்கும்படியும் செய்வார்கள். எங்கும் எளிதில் கிடைக்காது. கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

லாங்கே நெப்பியோலோ: பரோலோவின் அதே திராட்சை. பெரும்பாலும் இளம் கொடிகளிலிருந்து வரும். பீப்பாயில் குறைந்த காலமே இருக்கும். ரோஜாவும் செர்ரியும் தெரியும், துவர்ப்பு தாங்கும்படி இருக்கும். பரோலோவுக்குப் போகும் முன் இதைக் குறைந்தது இரண்டு வெவ்வேறு வீடுகளிலிருந்து வாங்கிக் குடித்துப் பாருங்கள். நாக்கு பழகிவிடும்.

இந்த ஏணியை முடித்தபிறகு பரோலோவைத் திறந்தால், முதல் வாயிலேயே எது திராட்சையின் குணம், எது வயதின் குணம் என்று பிரித்தறிய முடியும்.

ஐந்தாம் படி: லேபிளைப் படியுங்கள்

இத்தாலிய மொழி தெரிய வேண்டியதில்லை. ஐந்தாறு சொற்கள் போதும்.

டிஓசிஜி என்ற எழுத்துகள்: மிக உயர்ந்த சட்டப் பிரிவு. பரோலோ 1980இல் இந்தத் தகுதி பெற்றது. பாட்டிலின் கழுத்தில் எண் அச்சிட்ட அரசுச் சீட்டு ஒட்டியிருக்கும். அது இல்லையென்றால் வாங்காதீர்கள்.

அறுவடை ஆண்டு: சட்டப்படி பரோலோ, அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் 38 மாதங்கள் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில். அதாவது 2021 அறுவடை 2025 தொடங்கும்போதுதான் கடைக்கு வரலாம். 'ரிசெர்வா' என்றால் 62 மாதம்.

'அசியெந்தா அக்ரிகோலா': சொந்த நிலத்தில் விளைந்த திராட்சையை அடிப்படையாகக் கொண்ட பண்ணை. குடும்ப ஒயின் தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய சொல் இது. கூடவே 'இம்போத்திலியாத்தோ அல்லோரிஜினே' என்றிருந்தால், விளைவித்த இடத்திலேயே பாட்டிலில் அடைத்தது என்று பொருள்.

நிலத்தின் பெயர்: பரோலோவில் அங்கீகரிக்கப்பட்ட நிலப்பெயர்களின் பட்டியல் 2010 முதல் சட்டபூர்வமானது. மொத்தம் 181. லேபிளில் அப்படி ஒரு பெயர் இருந்தால் குறைந்தது 85 சதவீதத் திராட்சை அங்கிருந்து வந்திருக்க வேண்டும். நிலப்பெயர் இல்லாத பரோலோ மட்டம் என்று யாராவது சொன்னால் மஸ்கரெல்லோவை நினைத்துக்கொள்ளுங்கள்.

பரோலோ விளையும் ஊர்கள் பதினொன்று. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். லா மோர்ரா, பரோலோ பக்கத்து ஒயின்கள் பொதுவாக மணம் மிகுந்து, கொஞ்சம் சீக்கிரம் இளகும். செர்ராலுங்கா, மொன்ஃபோர்தே பக்கம் கட்டுறுதி அதிகம், காத்திருப்பும் அதிகம். மண்ணின் வயது வேறுபடுவதுதான் இதற்குச் சொல்லும் காரணம். தொடக்கத்துக்கு இந்த ஒரு வேறுபாடு போதும்.

ஆறாம் படி: எதை வாங்குவது?

மஸ்கரெல்லோவின் பரோலோ மிகக் குறைந்த அளவே வருகிறது. உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் துரத்துவதால் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. முதல் பரோலோவாக அதை வாங்குவது தேவையில்லை என்பதே என் கருத்து. யாராவது திறந்து ஒரு கிளாஸ் கொடுத்தால் கண்டிப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களே வாங்குவதானால் நம்பகமான கடையில் மட்டும். விலை உயர்ந்த இத்தாலிய ஒயின்களில் போலியும் உண்டு.

அதே மரபில் நிற்கும் வேறு குடும்பங்கள் இருக்கின்றன. காஸ்திலியோனே ஃபல்லெத்தோவில் கவலொத்தோ, ப்ரோவியா, செர்ராலுங்காவில் மஸ்ஸொலீனோ, லா மோர்ராவில் ஒதேரோ, வெர்தூனோவில் புர்லொத்தோ. பணம் கட்டுப்படியாகும் வழி வேண்டுமென்றால் பக்கத்து ஊரான பர்பரெஸ்கோவுக்குப் போங்கள். அதே நெப்பியோலோ, முதிர்ச்சிக் காலம் 26 மாதம்தான். 1958இல் ஊர்ப் பாதிரியாரின் முயற்சியில் 19 விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய 'ப்ரொதுத்தோரி தெல் பர்பரெஸ்கோ' கூட்டுறவு, மரபு முறையில் செய்து நியாயமான விலைக்குத் தருகிறது. குடும்பக் கூடம் இல்லைதான், ஆனால் பல குடும்பங்களின் கூடம்.

ஆண்டு விஷயத்தில்: 2010, 2013, 2016 ஆகியவை நீண்ட நாள் வைக்கத் தக்க, கட்டுக்கோப்பான ஆண்டுகள். 2011, 2015, 2017 வெப்பமானவை, சீக்கிரம் குடிக்கலாம். 2014 மழை ஆண்டு. மோசம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நல்ல குடும்பங்கள் அந்த ஆண்டிலும் கவனமாகப் பொறுக்கி, மெல்லிய அழகான ஒயின் செய்திருக்கிறார்கள். முதல் பாட்டிலுக்கு, அறுவடையாகி எட்டுப் பத்து ஆண்டு ஆன வெப்ப ஆண்டு ஒன்றைக் கேளுங்கள்.

வீட்டில் பல ஆண்டு வைத்து முதிர்விக்க நினைக்கிறீர்களா? 12 முதல் 14 டிகிரி வெப்பநிலை, இருட்டு, அசைவில்லாத இடம், பாட்டில் படுத்த நிலை. இதெல்லாம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். வெயில் கொளுத்தும் ஊரில் சமையலறை அலமாரியில் வைத்தால் ஒரே கோடையில் ஒயின் சமைந்துபோகும். அப்படிப்பட்ட இடத்தில் முதிர்ந்த பாட்டிலை வாங்கி உடனே குடிப்பதே மேல்.

ஏழாம் படி: திறப்பதும் ஊற்றுவதும்

பாட்டில் பதினைந்து இருபது வயது தாண்டியதென்றால், குடிப்பதற்கு முதல் நாளே நேராக நிமிர்த்தி வையுங்கள். வண்டல் அடியில் இறங்கட்டும். தக்கை நைந்து மென்மையாக இருக்கும். திருகாணியை முழு ஆழத்துக்கு இறக்கி, நிதானமாக இழுங்கள். அப்புறம் விளக்கொளியில் பார்த்தபடி வேறு கண்ணாடிக் குடுவைக்கு மெல்ல ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வரும்போது நிறுத்திவிடுங்கள்.

இளம் பாட்டில் என்றால் பிரச்சினை வண்டல் அல்ல, மூச்சு. குடிப்பதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே குடுவையில் ஊற்றி வையுங்கள். முதல் ஒரு மணி நேரம் மணமே வராமல் ஊமையாக இருக்கலாம். பயப்பட வேண்டாம்.

வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி. 'சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும்' என்ற பேச்சு ஐரோப்பியக் கல்வீடுகளின் குளிர்ந்த அறைகளுக்கானது. முப்பது டிகிரி அறையில் பரோலோவை ஊற்றினால் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

கிளாஸ் வாய் அகன்று வயிறு பெருத்ததாக இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். சுழற்றுங்கள், முகருங்கள், ஒரு சின்ன வாய் எடுத்து நாக்கு முழுக்கப் படரவிடுங்கள். முதலில் புளிப்பு, பிறகு பழம், கடைசியில் துவர்ப்பு வரும். விழுங்கிய பிறகு மணம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். நல்ல பரோலோவை அந்த நீளத்தில்தான் அடையாளம் காண்கிறார்கள்.

ஒரு யோசனை: பாதி பாட்டிலை மூடி மறுநாளைக்கு வையுங்கள். மரபு முறைப் பரோலோ பல நேரங்களில் இரண்டாம் நாள்தான் நன்றாகத் திறக்கும். இரண்டு நாள் கிளாஸையும் ஒப்பிட்டால் பத்துக் கட்டுரை சொல்லாததைக் கற்றுக்கொள்ளலாம்.

எட்டாம் படி: சாப்பாட்டோடு மட்டும்

இந்த ஒயினைத் தனியாகக் குடிக்காதீர்கள். கொழுப்பும் புரதமும் டானினைப் பிடித்துக்கொள்ளும். துவர்ப்பு அடங்கிப் பழம் வெளியே வரும். அந்த ஊரில் இதற்கென்றே பிறந்த உணவுகள் இருக்கின்றன. மாட்டிறைச்சியைப் பரோலோவிலேயே பல மணி நேரம் வேகவைக்கும் ப்ரசாத்தோ. முட்டை மஞ்சள்கருவை அள்ளிச் சேர்த்துப் பிசைந்த மெல்லிய தாஜரின் பாஸ்தா. உள்ளே பூரணம் வைத்துக் கிள்ளி மூடிய சின்ன அக்னொலோத்தி பாஸ்தா. மலைச் சீஸான காஸ்தெல்மாக்னோ. அசைவம் வேண்டாதவர்களுக்குக் காளானும் வெண்ணெயும் முதிர்ந்த சீஸும் போதும்.

மிளகாய்க் காரத்தோடு மட்டும் சேர்க்காதீர்கள். காரம் துவர்ப்பையும் சாராயச் சூட்டையும் கூட்டிவிடும், இரண்டுமே பாழாகும்.

ஒன்பதாம் படி: நேரில் போவதானால்

தூரினிலிருந்து ரயிலில் ஆல்பா போகலாம். அங்கிருந்து பரோலோ சுமார் 15 கிலோமீட்டர். பேருந்து குறைவு, அதனால் வாடகைக் கார் அல்லது டாக்ஸி. கார் ஓட்டுபவர் குடிக்கக் கூடாது. இத்தாலியில் சட்ட வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்குப் பூஜ்ஜியம். சுவைத்துவிட்டுத் துப்புவதற்குக் கூடத்தில் பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவது அங்கே மரியாதைக் குறைவல்ல.

மஸ்கரெல்லோ போன்ற சிறிய வீடுகளுக்குத் திடீரென்று போய்க் கதவைத் தட்டாதீர்கள். பல வாரங்களுக்கு முன்பே கேட்டு நேரம் வாங்க வேண்டும். இடமில்லை என்று பதில் வந்தால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்; அவர்கள் முதலில் விவசாயிகள். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முழுவதும் அறுவடை மும்முரம். மே, ஜூன் அல்லது நவம்பர் நல்ல காலம். நவம்பரில் ஆல்பாவில் வெள்ளை டிரஃபிள் காளான் சந்தையும் நடக்கும்.

அனுமதி கிடைக்காவிட்டாலும் போன பயணம் வீணாகாது. பரோலோ ஊரின் நடுவே ஃபலெத்தி குடும்பத்தின் கோட்டை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்த ஒயின் இன்றைய இனிப்பில்லாத வடிவத்துக்கு மாறிய கதையில் அந்த வீட்டுச் சீமாட்டி (மார்க்கேசா) ஜூலியாவின் பெயர் முக்கியமானது. கோட்டைக்குள் ஒயின் அருங்காட்சியகமும், பல வீடுகளின் பரோலோவைச் சுவைத்து வாங்கக்கூடிய பொது ஒயின் கூடமும் இருக்கின்றன. அங்கே மூன்று ஊர்களின் ஒயினைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். பிறகு ஊருக்கு வெளியே கன்னூபி குன்றின் ஓரமாக நடந்து போங்கள். லாங்கேயின் திராட்சைச் சரிவுகள் 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. சாலையிலிருந்தே பார்க்கலாம், கொடி வரிசைக்குள் கேட்காமல் இறங்காதீர்கள், பழத்தைப் பறிக்காதீர்கள்.

இந்தியாவுக்குத் திரும்புபவர்களுக்கு: வயது வந்த ஒருவர் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரக்கூடிய மதுபானம் 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு சரி, மூன்றாவது வரம்பைத் தாண்டும். இரண்டையும் பரோலோவாக வாங்காமல் ஒரு பரோலோ, அதே வீட்டின் லாங்கே நெப்பியோலோ ஒன்று என்று வாங்குங்கள். கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள். துணிக்கு நடுவே நன்றாகச் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். வந்து சேர்ந்ததும் பாட்டிலை இரண்டு மூன்று வாரம் அசையாமல் விட்டு, அப்புறம் திறவுங்கள்.